கருப்பு காருக்கு ஸ்வர்ல் மார்க் எடுக்க மூணு விதமான பேடு போட்டு பாத்தேன்

நம்ம கார் கருப்பு, நாலு வருஷமா அபார்ட்மென்ட்ல தினமும் காலையில அதே பக்கெட் தண்ணி அதே துணின்னு துடைச்சு துடைச்சு, வெயில்ல பானெட்ட பாத்தா சிலந்தி வலை பின்னி வெச்ச மாதிரி வட்ட வட்டமா கோடு, இதத்தான் ஸ்வர்ல் மார்க்னு சொல்றாங்க. மனசே கேக்கல. 15 எம்எம் ஆர்பிட் டிஏ பாலிஷர் (டூயல் ஆக்‌ஷன், அதாவது பேடு சுத்திக்கிட்டே ஆடவும் செய்யற மெஷின்) ஒண்ணு வாங்கிட்டேன், ஆனா அதுல மாட்டி பெயின்ட்ட தேய்க்கற பேடு எதுங்கறதுல தான் ரொம்ப குழம்பிட்டேன்.

முதல்ல ஆன்லைன்ல விலை கம்மியா கிடைச்ச ஃபோம் செட். ரெண்டாவது பேனல் முடியல, பின்னாடி ஒட்டியிருந்த வெல்க்ரோ நடுவுலயே பிரிஞ்சு வந்துடுச்சு. டிஏ ஓடறப்போ சூடு பேடோட நடுவுல தான் சேரும், பசை சரியில்லனா தாங்காது. காசு போச்சு.

அடுத்து மைக்ரோஃபைபர் கட்டிங் பேடு, அதாவது பெயின்ட்ட வேகமா சீவி எடுக்கற ரகம். கோடெல்லாம் நாலே பாஸ்ல (நாலு தடவ ஓட்டினதுல) காலி, சந்தோஷமா துடைச்சு டார்ச் அடிச்சு பாத்தா பெயின்ட் மேல லேசா பால் தெளிச்ச மாதிரி மங்கல். சாஃப்ட்டான கருப்பு பெயின்ட்டுக்கு இது அதிகம், வெள்ளை காரா இருந்தா இந்த மங்கல் கண்ணுலயே பட்டிருக்காது.

கடைசியா ரூபெஸ் மஞ்சள் ஃபோம், கூட மெக்குவையர்ஸ் எம்205ங்கற நைஸான பாலிஷ். ரெண்டுக்கு ரெண்டு அடி டேப் ஒட்டி, பட்டாணி சைஸ்ல நாலு சொட்டு வெச்சு, மெதுவா குறுக்கும் நெடுக்குமா ஓட்டி, அப்புறம் ஐபிஏ (ஐசோப்ரொபைல் ஆல்கஹால்) ஸ்ப்ரே அடிச்சு துடைச்சேன் (பாலிஷ்ல இருக்கற எண்ணெய் கோட்ட மறைச்சிடும், அத எடுத்தா தான் நிஜம் தெரியும்). டேப்புக்கு இந்தப்பக்கம் கண்ணாடி, அந்தப்பக்கம் அதே சிலந்தி வலை. அப்படியே நின்னு பாத்துட்டு இருந்தேன்!

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லணும், கலர பாத்து பேடு வாங்காதீங்க. ரூபெஸ்ல மஞ்சள்னா ஃபைன் (மென்மையா பளபளப்பாக்கற ரகம்), லேக் கன்ட்ரிங்கற இன்னொரு பேடு கம்பெனில அதே மஞ்சள் நல்லா வெட்டற கட்டிங் பேடு, ஒரு கம்பெனி கலர இன்னொரு கம்பெனிக்கு பொருத்தி பாத்தா மாட்டிக்குவீங்க. கிளியர் கோட் (கலர் பெயின்ட்டுக்கு மேல இருக்கற கலர் இல்லாத படலம்) மொத்தமே 40, 50 மைக்ரான் தான், தலைமுடிய விட மெல்லிசு, அதனால சாஃப்ட் பேடுல ஆரம்பிச்சு பத்தலனா மட்டும் மேல போங்க. நகம் மாட்டற அளவு ஆழமான கோட்ட விட்டுடுங்க, அத துரத்தினா பெயின்ட் தான் போகும்.

ஒரே பேடுல முழு காரும் முடியாது, ரெண்டு பேனலுக்கு அப்புறம் பாலிஷ் ஊறி கனமாயிடும், வெட்டறதும் குறையும். ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் நடுவுல பிரஷ்ல தேய்ச்சு விட்டும் எனக்கு நாலு பேடு ஆச்சு. பில்லர்லயும் (ஜன்னல்களுக்கு நடுவுல இருக்கற தூண்) மிரர் கவர்லயும் பெரிய பேடு நுழையவே இல்ல, அதுக்கு 3 இன்ச்ல ரெண்டு மஞ்சள் ஆர்டர் போட்டிருக்கேன்.