வள்ளத்து மூடியைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: பூச்சுக்கு அடியில் இருந்தது தீக்குச்சி

உவரி, கூத்தங்குழி, இடிந்தகரைப் பக்கம் ஃபைபர் வள்ளம் வைத்திருப்பவர்கள் இதைத் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். ஆறாயிரத்து இருநூறு ரூபாய் போனதைக்கூட நான் மறந்துவிடுவேன். என் தம்பியும் சித்தப்பாவும் அன்று கடலில் பட்ட பாட்டை மறக்க முடியவில்லை.

எங்கள் வள்ளத்தின் முன்முனையில், அதாவது அணியத்தில், உள்ள அறைக்கு 12 மி.மீ. பிளைவுட் மூடி. மூன்று கீல்கள், மூடிப் பக்கம் மட்டும் கீலுக்கு நான்காகப் பன்னிரண்டு திருகாணிகள். ஒரு நாளைக்குப் பத்து முறை திறந்து மூடுகிற மூடி அது. போன மாசியில் திருகாணிகள் பிடிப்பு விட்டன. திருப்புளியை வைத்தால் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தன. ஓட்டையின் ஓரம் கறுத்து, நகத்தால் சுரண்டினால் மரம் மாவாக உதிர்ந்தது.

சித்திரையில் ஒரு பட்டறையில் கொடுத்தேன். பெயர் எழுதப் போவதில்லை. "ஓட்டையைப் பெரிதாக்கி எபாக்சி ஊற்றி அடைத்து, துருப்பிடிக்காத 316 ரக ஸ்டீல் திருகாணி போட்டுத் தருகிறேன் அண்ணாச்சி, பத்து வருடத்துக்குக் கவலை வேண்டாம்" என்றார் அவர். காலையில் கொடுத்த மூடி அன்று மாலையே நீலப் பெயிண்ட் பளபளக்கத் திரும்பி வந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் ஊறிய பலகை ஒரே பகலில் காயாது. எபாக்சி என்பது இரண்டு டப்பாவில் வருவதைக் கலந்து இறுக விடும் பிசின்; அதற்கும் ஒரு இரவாவது வேண்டும்.

ஆனியில் கச்சான் என்ற மேல்காற்று பலமாக இருந்த ஒரு நாள், கரைக்குத் திரும்பும்போது எதிர் அலை ஏறி அடித்தது. மூன்று கீல்களும் ஒன்றாகப் பிய்ந்தன. மூடி ஒற்றைக் கொண்டியில் தொங்கியது. அடுத்த அலை நேராக அறைக்குள் இறங்கியது. பேட்டரி மூழ்கி ஜி.பி.எஸ். அணைந்தது, அணியம் கனத்துத் தாழ்ந்ததால் ஒவ்வொரு அலையும் உள்ளே வந்தது. தம்பி வெட்டிய கேனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் இறைத்தான். சித்தப்பா கூடங்குளம் அணுமின் நிலையத்துக் குவிமாடங்களைப் பார்த்தே வள்ளத்தைக் கொண்டுவந்து சேர்த்தார். வெளிச்சம் இருந்த நேரம் என்பதால் பிழைத்தார்கள்.

மூடியை வீட்டு முற்றத்தில் போட்டு, பெயிண்டைச் சுரண்டினேன். மேலே மெல்லியதாகப் பட்டி. அதன் கீழே, ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு மூன்று தீக்குச்சிகள், வெள்ளைப் பசையில் தோய்த்துச் செருகியவை. ஒரு குச்சியில் மருந்துத் தலைகூட அப்படியே இருந்தது. தண்ணீர் பட்ட பசை கஞ்சி போல வழுவழுத்தது. வீட்டு அலமாரிக் கதவுக்கு இந்த வேலை போதும், தச்சர்கள் செய்வதுதான். கடலில் போகிற மூடிக்கு இதைச் செய்து, எபாக்சி என்று பில் எழுதியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

திருகாணிகளின் பக்கத்தில் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கொண்டுபோனேன். பன்னிரண்டும் துள்ளிப்போய் ஒட்டிக்கொண்டன. துத்தநாகம் பூசிய வெறும் இரும்பு! 316 காந்தத்தில் ஒட்டாது. மிஞ்சிப்போனால் லேசாக இழுபடும். ஆனால் 304 ரகமும் அப்படித்தான், ஆகவே ஒட்டாததெல்லாம் 316 ஆகிவிடாது. 316-இல் இரண்டு முதல் மூன்று சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருக்கிறது; கடல் உப்பு அரிக்காமல் தாங்குவது அதனால்தான். காந்தத்தால் இரும்பைக் கண்டுபிடிக்கலாம், அவ்வளவே.

திரும்பிப் போய்க் கேட்டதற்கு, "கடல் அடித்தால் நான் என்ன செய்ய முடியும்?" என்றார். பில்லைக் காட்டினேன். பையன் மாற்றிப் போட்டிருப்பான் என்றார். ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

பிறகு தச்சு தெரிந்த மாமாவும் நானும் செய்தோம். மூடியை நல்ல தண்ணீரில் மூன்று முறை கழுவினோம், ஏனென்றால் உப்பு தங்கினால் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆறு நாள் காயவைத்தோம். ஒவ்வொரு ஓட்டையையும் 12 மி.மீ. அகலத்துக்குக் கெட்டி மரம் தெரியும்வரை குடைந்தோம். மாமா ஒரு ஆணியின் நுனியை வளைத்து டிரில்லில் மாட்டி, உள் அடுக்குகளை மட்டும் இன்னும் கொஞ்சம் அகலமாகச் சுரண்டினார். உள்ளே அகன்று வாய் குறுகியிருந்தால் அடைப்பு பிடுங்கிக்கொண்டு வராது. அடியில் டேப் ஒட்டி, முதலில் நீர்த்த எபாக்சியை மரம் குடிக்கும்வரை தடவினோம். அது காய்வதற்குள், சன்ன மரத்தூள் கலந்து கெட்டியாக்கியதைத் திணித்தோம். இட்லி மாவுப் பதம் போதாது. கரண்டியைச் சாய்த்தாலும் வழியாமல் நிற்க வேண்டும்.

ஃபைபர் வேலை செய்து பழகியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாலியெஸ்டர் ரெசினில் ஹார்ட்னரைக் கொஞ்சம் கூட்டினால் சீக்கிரம் இறுகும். அந்தப் பழக்கத்தை எபாக்சியில் காட்டாதீர்கள். டப்பாவில் போட்டிருக்கும் அளவு தப்பினால் கடைசிவரை பிசுபிசுப்பாகவே நிற்கும். நம் ஊர் வெயிலில் சிறிது சிறிதாகத்தான் கலக்க வேண்டும். நாங்கள் முதலில் ஒரு கிண்ணம் நிறையக் கலந்தது கையைச் சுட்டுப் புகைந்து வீணாயிற்று.

மறுநாள் இறுகிய அடைப்பின் நடுவில் ஓட்டை போட்டோம். கீல்களுக்கு இந்த முறை திருகாணியே வேண்டாம் என்று, ஊடுருவிப் போகும் போல்ட், அடியில் அகலமான வாஷர், ஓட்டை வாயில் சீலன்ட். திருகாணி போட்டது கொண்டிக்கு மட்டும்.

வேலைக்குக் கொடுப்பவர்கள், குடைந்த ஓட்டையை அடைப்பதற்கு முன் போய்ப் பாருங்கள். எபாக்சி டப்பா இரண்டையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் மூடியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அந்தப் பன்னிரண்டு திருகாணிகளும் தலை கருகாத தீக்குச்சியும் எங்கள் வீட்டில் ஒரு டப்பாவில் இருக்கின்றன. கடற்கரைக்கு வரும்போது யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.