ரிக்லி ஃபீல்ட்: எந்த சீட், எந்தப் பக்கம், எந்த மாதம்

சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணியின் ரிக்லி ஃபீல்ட் 1914-ல் திறக்கப்பட்டது. அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் போட்டியான மேஜர் லீக்கில் இதைவிடப் பழைய மைதானம் பாஸ்டனின் ஃபென்வே பார்க் ஒன்றுதான். இங்கே நல்ல சீட்டுக்கும் மோசமான சீட்டுக்கும் சில அடிதான் தூரம். அதைத் தெரிந்துகொண்டு டிக்கெட் எடுத்தால் அமெரிக்காவில் ஆட்டம் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

முதல் சிக்கல் தூண்கள். மேல் தளத்தைத் தாங்கும் இரும்புத் தூண்கள் கீழ்த் தளத்தில் பார்வையாளர்களுக்கு நடுவிலேயே நிற்கின்றன. பேஸ்பாலில் கண் ஒவ்வொரு பந்துக்கும், பந்து எறியும் பிட்சருக்கும் அதை அடிக்கும் பேட்டருக்கும் இடையிலேயே போய்வரும். அந்தக் கோட்டில் தூண் விழுந்தால் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் கழுத்தை வளைத்தபடி உட்கார வேண்டியதுதான். கீழ்த் தளத்தின் பின்பகுதியில், 200-களில் எண்ணிட்ட பிரிவுகளில் தூணுக்குப் பின்னால் வரும் சீட்டுகளைத் தவிருங்கள். அதே பிரிவுகளின் கடைசி வரிசைகளில் வேறொரு குறை: மேல் தளம் தாழ்ந்து மறைப்பதால், உயரத் தூக்கி அடித்த பந்து பாதி வழியில் காணாமல் போய்விடும். மழை பெய்தால் அந்த இடம் சுகம், ஆட்டம் பார்க்க ஆகாது. அதைவிட மேல் தளத்தின் முன்வரிசை எவ்வளவோ மேல். மொத்த மைதானமும் கண்முன் விரியும்.

பகல் ஆட்டத்துக்கே போங்கள். இங்கே மின்விளக்கு வந்ததே 1988 ஆகஸ்டில்தான்; அதுவரை எல்லா ஆட்டமும் வெயிலில். இன்றும் வெள்ளிக்கிழமை மதியம் 1:20-க்குத் தொடங்கும் ஆட்டத்துக்குக் கூட்டம் அலைமோதும். பிற்பகலில் மூன்றாம் பேஸ் பக்கம், அதாவது பேட்டர் பார்க்கும் திசைக்கு இடப்பக்கம், உட்கார்ந்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால் போய்விடும். பிளீச்சர் எனப்படும் பின்புற பெஞ்சுகளில் நிழலே கிடையாது; தொப்பி அவசியம். ஏப்ரலில் மிச்சிகன் ஏரியிலிருந்து வரும் காற்று எலும்பு வரை குத்தும், தடித்த கோட்டு இல்லாமல் போகாதீர்கள்.

அந்தக் காற்று ஆட்டத்தையே மாற்றும். உள்ளே நுழைந்ததும் கொடிகளைப் பாருங்கள். அவை மைதானத்தை நோக்கிப் பறந்தால் தூக்கி அடித்த பந்தெல்லாம் ஃபீல்டர் கையில் விழும். வெளிப்பக்கமாகப் பறந்தால் பந்து எல்லைச் சுவரைத் தாண்டும் ஹோம் ரன் மழை. 1979 மே 17 அன்று காற்று வெளியே வீச, பிலடெல்ஃபியா அணி 23-22 என்று கப்ஸை வென்றது.

எல்லைச் செங்கல் சுவரை மூடியிருக்கும் ஐவி என்ற படர்செடி 1937-ல் நட்டது. ஏப்ரலில் வெறும் தண்டுதான் தெரியும். பசுமைக்கு ஜூன் வரை பொறுக்க வேண்டும். பந்து இலைக்குள் சிக்கினால் ஃபீல்டர் இரு கையையும் உயர்த்துவார், பேட்டர் இரண்டாம் பேஸ் வரை போகலாம். கையை உயர்த்தாமல் இலைக்குள் துழாவினால் ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். அனுபவமுள்ள ஃபீல்டர் இலைக்குள் கையை விடமாட்டார்.

பிளீச்சருக்கு மேலே நடுவில் நிற்கும் பச்சை ஸ்கோர்போர்டும் 1937-ஐச் சேர்ந்ததுதான். உள்ளே ஆட்கள் உட்கார்ந்து எண் தகடுகளைக் கையால் மாற்றுகிறார்கள். இதற்குப் பக்கத்துணையாக வந்திருக்கும் பெரிய வீடியோ திரைகள் ரீப்ளேக்கு உதவும். ஆனால் அவற்றின் விளம்பரச் சத்தம் இந்த இடத்துக்குப் பொருந்தவில்லை.

ஆட்டத்தைக் குறித்துக்கொண்டே பார்க்க ஸ்கோர்கார்டும் பென்சிலும் வாங்கிக்கொள்ளுங்கள். பிட்சர் 1, பேட்டருக்குப் பின்னால் பந்து பிடிக்கும் கேட்சர் 2, இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6 என ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண். 6-4-3 என்று எழுதினால், ஷார்ட்ஸ்டாப் எடுத்த பந்து இரண்டாம் பேஸ்மேனிடமும் அங்கிருந்து முதல் பேஸ்மேனிடமும் போய் இரண்டு பேர் அவுட். பேரப்பிள்ளைக்குத் தாத்தா இதைச் சொல்லிக்கொடுக்கும் காட்சியை எந்த வரிசையிலும் பார்க்கலாம். ஓர் அணிக்கு ஒரு சீசனில் 162 ஆட்டம், அதில் பாதி சொந்த ஊரில். அதனால் இது திருவிழாவைவிட அன்றாட வழக்கத்துக்கு நெருக்கமானது. 1908-க்குப் பிறகு வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதிக் கோப்பையே இல்லாத அணிக்கு இப்படித் தலைமுறை தலைமுறையாக வந்தார்கள். 2016-ல் ஜெயித்தபோது, அந்த நாளைப் பார்க்காமல் இறந்துபோன அப்பா, பாட்டி பெயர்களை வெளிச்சுவரின் செங்கல்களில் சாக்பீஸால் எழுதி நிரப்பினார்கள். அமெரிக்கர்களுக்கு இந்த விளையாட்டு என்ன என்று கேட்பவருக்கு அந்தச் சுவரைத்தான் காட்ட வேண்டும்.

ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் ஏழாவதின் நடுவில் எல்லோரும் எழுந்து பாடுவார்கள். அந்த நேரத்தில் கழிவறைக்கோ கடைக்கோ போய்விடாதீர்கள்.

சாப்பாடு விலை அதிகம், ருசி சுமார். ஹாட் டாக் மாட்டிறைச்சி. சைவம் என்றால் தோலோடு வறுத்த வேர்க்கடலையும் முறுக்கு வடிவ ரொட்டியான பிரெட்ஸலும்தான் நம்பகம். சிகாகோவில் ஹாட் டாக்கில் கெச்சப் ஊற்ற மாட்டார்கள். கடுகு, வெங்காயம், தக்காளி, ஊறுகாய் வெள்ளரி, செலரி உப்பு.

காரில் போவது வீண்செலவு. ரெட் லைன் ரயிலில் ஆடிசன் ஸ்டேஷனில் இறங்கினால் மைதானம் எதிரிலேயே. திரும்பும்போது அங்கே நெரிசல் தாங்காது. தெற்கே கால் மணி நேரம் நடந்து பெல்மான்ட் ஸ்டேஷனில் ஏறுங்கள், மற்ற லைன்களும் அங்கே நிற்கும். கிளம்புமுன் ஸ்கோர்போர்டின் உச்சியைப் பாருங்கள். வெள்ளைத் துணியில் நீல நிற ஆங்கில ‘டபிள்யூ’ பறந்தால் கப்ஸ் வெற்றி, நீலத் துணியில் வெள்ளை ‘எல்’ என்றால் தோல்வி. ரயிலில் வீடு திரும்புபவர்கள் முடிவைத் தெரிந்துகொள்ள அது போதும்.