தாதியரைத் தேர்ந்தெடுக்கக் காக்ரேன் நூலகம் உதவுமா?

பினாங்கில் தாதியரை வேலைக்கு எடுக்கும்போது "சான்று சார்ந்த பராமரிப்பு (ஆய்வு முடிவுகளைப் பார்த்துச் செய்யும் பராமரிப்பு) தெரியுமா?" என்று கேட்டால் தலையாட்டாதவர் யார்? காக்ரேன் நூலகத்தின் ஆய்வுத் தொகுப்பு (ஒரே கேள்வி பற்றிய பல மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கட்டுரை) ஒன்றைக் கொடுத்து 20 நிமிடம் விடுங்கள், குட்டு வெளிப்படும். சுருக்கங்கள் இலவசம். முழுக் கட்டுரையும் பெரும்பாலும் வெளிவந்த 12 மாதத்தில் திறந்துவிடும்.

சோதனைக்கு ஏற்றது 2019இல் வந்த பிரானுலா (மருந்து, திரவம் செலுத்த ரத்தநாளத்தில் பொருத்தும் சிறு குழாய்) தொகுப்பு: 9 ஆய்வுகள், 7,412 நோயாளிகள். கேள்வி எளிது. பிரானுலாவை 72–96 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவதா, வீக்கமோ வலியோ அடைப்போ வந்தால் மட்டும் மாற்றுவதா? "வித்தியாசம் இல்லை" என்று முடித்துவிடுபவர் முதல் பத்தியோடு நின்றுவிட்டார். ரத்தத் தொற்றிலும் ரத்தநாள அழற்சியிலும் தெளிவான வித்தியாசம் தெரியவில்லைதான். ஆனால் திரவம் சுற்றியுள்ள திசுவுக்குள் கசிவதும் அடைப்பும், வழக்கமாக மாற்றும்போது அநேகமாகக் குறைவு. இதைக் கவனித்து, "அப்படியானால், தேவைப்படும்போது மட்டும் மாற்றுவதென்றால், ஒவ்வொரு ஷிஃப்டிலும் குத்திய இடத்தைப் பார்க்க வேண்டும்" என்று சொல்பவரை விடாதீர்கள்.

"வித்தியாசம் தெரியவில்லை" வேறு, "வித்தியாசம் இல்லை" வேறு. பட்டம் பெற்றவர்களும் வழுக்கும் இடம் இது.

குறைகள்: தேடல் தேதி (எந்த நாள் வரை ஆய்வுகளைத் தேடினார்கள் என்பது) உள்ளே புதைந்து கிடக்கிறது, பழைய தொகுப்பைப் புதியதென்று நம்பிவிடலாம். தமிழ்ச் சுருக்கம் எல்லாத் தலைப்புக்கும் இல்லை. ஊசி குத்தும் கைத்திறனை இது காட்டாது. அதற்கு வார்டில் தனிச் சோதனை வையுங்கள்.