எதிர்வண்டிக்கு மட்டும் இருள்: ஓராண்டு மின்சாரக் கார் அனுபவம்

ஓராண்டாக ஓட்டிவரும் இந்த மின்சாரக் காரில் என்னை அதிகம் கவர்ந்தவை, சூழலுக்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்ளும் முகப்பு விளக்குகளே. முன்கண்ணாடிக்குப் பின்னுள்ள கேமரா எதிரே வரும் வாகனத்தைக் கண்டதும், ஹைபீம் முழுவதையும் தணிக்காமல் அந்த வாகனத்தின் மேல் விழும் எல்.இ.டி.களை மட்டும் அணைப்பதால், சாலையோரம் நடப்பவர் தெளிவாகவே தெரிகிறார். இருண்ட கட்டமொன்று எதிர்வண்டியோடு நகர்ந்துவருவது எனக்கு இன்னும் வேடிக்கைதான். ஆயினும், மேட்டைக் கடந்து திடீரென எழும் வண்டியைக் கேமரா சற்றுத் தாமதித்தே உணர்கிறது. கண்ணாடியில் சேறு படிந்த ஓரிரவு முற்றிலும் கைவிட்டது. துணியால் துடைத்த பிறகே மீண்டது.

வீட்டில் இரவு சார்ஜ் செய்வது கைபேசியைப் போலவே பழகிவிட்டது. விரைவு சார்ஜரில் 80 சதவீதத்துக்கு மேல் வேகம் வெகுவாகக் குறைவதால், பயணங்களில் அதற்குமேல் காத்திருப்பதில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வழக்கமாக மோட்டாரே வண்டியின் வேகத்தைக் குறைத்து, அதில் பிறக்கும் மின்சாரத்தைப் பேட்டரிக்கு அனுப்பும்; பேட்டரி நிரம்பியிருக்கும்போது அப்படி வேகம் குறையாது என்பதை விற்பனையாளர் முன்பே சொல்லியிருக்கலாம்.