சஸ்டெய்னபிள் பிசினஸ் படிப்பு: படித்து முடித்து, வேலையிலும் இருந்து பார்த்த பிறகு

பாலக்காட்டுச் சித்தூர் தாலூகாவில், கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, மீனாட்சிபுரம் பக்கம் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகள் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அக்கா, நீங்க படிச்ச அந்த சஸ்டெய்னபிலிட்டி பிபிஏ எடுக்கலாமா?" போனில் அரைகுறையாகச் சொல்வதை விட விரிவாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. இயற்கையையும் மக்களையும் கெடுக்காமல் தொழில் நடத்துவது எப்படி என்று சொல்லித்தரும் மூன்று ஆண்டுப் படிப்பு. முடித்த பிறகு பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்த்தூள் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் இதே வேலையைப் பார்த்து வருகிறேன். அதனால் வகுப்பறை, வேலையிடம் இரண்டையும் வைத்துச் சொல்ல முடிகிறது.

நல்ல படிப்புதான். ஆனால் அறிக்கை எழுதச் சொல்லித்தரும் அளவுக்கு அளக்கச் சொல்லித்தருவதில்லை. அந்தக் குறையை நீங்களே நிரப்பிக்கொள்ளத் தயாராக இருந்தால் தாராளமாகச் சேருங்கள்.

முதல் ஆண்டு எல்லா பிபிஏ மாதிரியும்தான்: கணக்குப் பதிவியல், பொருளாதாரம், மேலாண்மைக் கோட்பாடுகள். அதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாம் ஆண்டில்தான் நமக்கான பாடம் ஆரம்பிக்கிறது. நீடித்த வளர்ச்சி என்றால் என்ன என்று சொன்ன, 1987-ல் வந்த புருண்ட்லாண்ட் ஆணைய அறிக்கை, 1994-ல் ஜான் எல்கிங்டன் முன்வைத்த 'மக்கள், பூமி, லாபம்' என்ற மூன்று கணக்கு, அப்புறம் ஒரு பொருள் உருவாவதிலிருந்து குப்பைக்குப் போகும் வரை சுற்றுச்சூழலை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்கும் ஆயுள்சுழற்சி மதிப்பீடு, சப்ளை செயின், சட்டம், அறிக்கை. இதில் வரலாற்றுப் பகுதியைத் தேர்வுக்குப் படித்தால் போதும்.

சட்டமும் அறிக்கையும் மட்டும் மனசு வைத்துப் படிக்க வேண்டியவை. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி கொண்டுவந்த பி.ஆர்.எஸ்.ஆர். என்ற சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பு அறிக்கை 2022-23 நிதியாண்டிலிருந்து சந்தை மதிப்பில் முதல் 1,000 இடத்தில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்களுக்குக் கட்டாயம். படிக்கும்போது எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது: பட்டியலில் இல்லாத, நூறு பேர் கூட வேலை செய்யாத ஒரு நார் மில்லுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கிறது என்று வேலைக்கு வந்த பிறகுதான் புரிந்தது. பெரிய கம்பெனிகளும் வெளிநாட்டு வாங்குநர்களும் தங்கள் அறிக்கையை நிரப்ப, சரக்கு கொடுக்கும் சின்னக் கம்பெனிகளிடம் கேள்வித்தாள் அனுப்புகிறார்கள். அதை நிரப்பத் தெரிந்த ஆள் இல்லாவிட்டால் ஆர்டரே கை நழுவும். எனக்கு வேலை கிடைத்ததும் அந்தக் கேள்வித்தாளால்தான்.

தொழிலால் காற்றில் கலக்கும் கார்பனின் கணக்கை மூன்று வகையாகப் பிரிக்கும் பாடமும் நேரடியாக உதவியது. எங்கள் ஜெனரேட்டரில் எரியும் டீசல் முதல் வகை. மின்வாரியத்திலிருந்து வாங்கும் கரண்ட் இரண்டாவது. மட்டை ஏற்றி வரும் லாரியிலிருந்து, தூத்துக்குடியிலோ கொச்சியிலோ கப்பல் ஏறி ராட்டர்டாம் போய்ச் சேரும் வரை மூன்றாவது. புத்தகத்தில் படிக்கும்போது குழப்பமாகத் தெரிந்த இந்தப் பிரிவுகள், டீசல் பில்லையும் ஈ.பி. பில்லையும் கையில் வைத்து உட்கார்ந்த ஒரே மத்தியானத்தில் தெளிவாகிவிட்டன. உங்கள் வீட்டில் கடையோ, தோட்டமோ, கறவை மாடோ இருந்தால் முதல் ஆண்டிலேயே அதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இனி, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இந்தப் படிப்பில் மற்றவர்களை விட முன்னால் நிற்க முடியும் என்று நான் உறுதியாக நம்பும் காரணத்தைச் சொல்கிறேன். கேரளம் என்றால் கொட்டும் மழை என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். சித்தூரின் கிழக்குப் பகுதி மழை மறைவுப் பிரதேசம். 1970-ல் கையெழுத்தான பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி ஆழியாற்றிலிருந்து ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. எங்களுக்கு வர வேண்டும். மணக்கடவில் எவ்வளவு அளந்தார்கள், எத்தனை நாள் தண்ணீர் விடுவார்கள் என்று டீக்கடையில் பேசிப் பேசி வளர்ந்தவர்கள் நாங்கள். தண்ணீருக்குக் கணக்கு உண்டு என்பதை எங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

அதே மண்ணில்தான் பிளாச்சிமடை இருக்கிறது. பெருமாட்டி பஞ்சாயத்தில் 2000-ல் கோகோ கோலா ஆலை ஆரம்பித்தது. கிணறு வற்றுகிறது, தண்ணீர் கெடுகிறது என்று 2002 ஏப்ரலில் மக்கள் போராட்டம் தொடங்கினார்கள். இரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா முன்னணியில் நின்றார். ஆலைக் கசடு உரம் என்று சொல்லி விவசாயிகளுக்குக் கொடுக்கப்பட்டது. 2003-ல் அதைச் சோதித்தபோது காட்மியமும் ஈயமும் தெரியவந்தன. அந்த ஆண்டே பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2003 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி நிலத்தடி நீர் பொதுச்சொத்து என்றார். 2005 ஏப்ரலில் இரு நீதிபதி அமர்வு நாளைக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது. ஆனால் 2004 மார்ச்சில் நின்ற உற்பத்தி பழையபடி திரும்பவே இல்லை. 2010-ல் அரசு அமைத்த உயர்நிலைக் குழு இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. நஷ்டஈட்டுக்காக 2011-ல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

எங்கள் பாடத்தில் இதற்குக் கிடைத்த இடம் மிகக் கொஞ்சம். எங்கோ ஐரோப்பாவில் ஒரு செருப்புக் கம்பெனி, அமெரிக்காவில் ஒரு தரைவிரிப்புக் கம்பெனி என்று பக்கம் பக்கமாகப் படித்தோம். ஒரு ஆசிரியை மட்டும், "இதை விட்டுட்டு வேற எதைப் படிக்கிறீங்க?" என்று கேட்டு, தீர்ப்புகளை வரி வரியாக எங்களைப் படிக்க வைத்தார். அந்த வாரங்களில்தான் இந்தப் படிப்பின் மேல் எனக்கு மரியாதை வந்தது. பெரிய முதலீடு, பெரிய பிராண்ட், மேலிடத்து அனுமதி எல்லாம் இருந்தும் ஒரு பஞ்சாயத்து உரிமத்தில் ஆலை நின்றுபோக முடியும். வியாபாரத்துக்கு வரும் ஆபத்துகளின் பட்டியலில் பக்கத்து வீட்டுக் கிணற்றையும் எழுதத் தெரியாத மேலாளரை நான் மேலாளர் என்றே ஏற்க மாட்டேன்.

சரி, வேலைக்கு வருவோம். தென்னை நார்த்தூள் ஐரோப்பியக் கண்ணாடிக் குடில்களில் தக்காளியும் ஸ்ட்ராபெர்ரியும் வளர்க்க மண்ணுக்குப் பதிலாகப் போகிறது. அங்கே பீட் என்ற சதுப்புநிலக் கரியையும் தோண்டிப் பயன்படுத்துகிறார்கள். அந்தச் சதுப்பு நிலங்கள் ஏராளமான கார்பனைப் பிடித்து வைத்திருப்பவை. தோண்டினால் அது காற்றில் கலக்கும். அதனால் மட்டை உரித்து மிச்சமாகும் நம்ம தூளுக்குப் பசுமைச் சரக்கு என்று நல்ல பெயர். பெயர் தகுதியானதுதான். ஆனால் தேங்காய் மட்டையில் இயல்பாகவே பொட்டாசியம், சோடியம், குளோரைடு உப்புகள் இருக்கின்றன. அதைக் கழுவி எடுத்தால்தான் செடி வேர் பிடிக்கும். உப்பு எவ்வளவு என்று மின்கடத்தும் திறனை வைத்துக் காட்டும் ஈ.சி. மீட்டரில் 0.5-க்குக் கீழே காட்டும் 'லோ ஈ.சி.' தூளைத்தான் பல வாங்குநர்கள் கேட்கிறார்கள். அப்படியானால் கழுவிய உப்பு எங்கே போகிறது? களத்திலிருந்து கட்டங்காப்பி நிறத்தில் ஓடி, மண்ணில் இறங்கி, கிணற்றுக்குப் போகிறது. அங்கே தக்காளிக்கு நல்ல தண்ணீர், இங்கே தென்னைக்கு உப்புத் தண்ணீர். கார்பன் எண்ணை மட்டும் பார்த்தால் இந்த உப்பு எந்தக் கட்டத்திலும் விழாது.

வாங்குநர் கேள்வித்தாளில் 'ஒரு டன் தூளுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர்' என்று ஒரு வரி வந்தது. கம்பெனியில் யாரிடமும் பதில் இல்லை. களத்து மேஸ்திரி அண்ணனிடம் கேட்டேன். "மோட்டார் ஓடற வரைக்கும் தண்ணி போகுதுங்க அம்மிணி, அதுக்கு என்ன கணக்கு?" என்றார். மீட்டர் கிடையாது. கடைசியில் அவரே 200 லிட்டர் டிரம்மை உருட்டி வந்து குழாய்க்கடியில் வைத்தார்; நான் போனில் நேரம் பார்த்தேன். டிரம் நிறைய எத்தனை விநாடி, மோட்டார் ஓடியது எத்தனை மணி நேரம், அன்று கழுவியது எத்தனை டன். கணக்குப் போட்டு வந்த எண்ணைப் பார்த்து முதலாளியே ஒரு நிமிஷம் பேசவில்லை. மறு மாதமே மீட்டர் வந்தது.

அப்புறம் மேஸ்திரி அண்ணன் சொன்ன யோசனை எந்தப் பாடத்திலும் இல்லாதது. முதல் கழுவலுக்கு நல்ல தண்ணீர் எதற்கு, கடைசிக் கழுவலில் வருவது ஓரளவு தெளிவாகத்தானே இருக்கிறது, அதையே பிடித்துத் திருப்பி விடலாமே என்றார். செய்து பார்த்தோம், ஈ.சி. கெடவில்லை. இப்போது தார்ப்பாய் விரித்த தொட்டியில் தேக்கிப் பயன்படுத்துகிறோம். மிச்சமாகும் கடும் உப்புத் தண்ணீர் பிரச்சினை இன்னும் தீரவில்லை. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத நிலைக்கு வரும் வரை திறக்கக் கூடாது என்றது. நார்த்தூள் தொழில் அந்த இடம் வரை போகும் முன்பே விழித்துக்கொள்ள வேண்டும் என்று நான் கம்பெனிக்குள் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

படிப்பின் குறைகளுக்கு வருகிறேன். களப்பயணம் என்று எங்களைக் கூட்டிப்போன தொழிற்சாலையில் ஏ.சி. அரங்கில் உட்கார வைத்து ஸ்லைடு காட்டி, பிஸ்கட் கொடுத்து அனுப்பினார்கள். கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்டவர்களுக்கு நேரமில்லை என்று பதில். கல்லூரியும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாணவர்கள் கட்டிய காசுக்கு அது பெரிய அநியாயம், இன்றும் எனக்குக் கோபம்தான். தண்ணீர்ச் சோதனை முடிவை எப்படிப் படிப்பது, தண்ணீரில் கரைந்திருப்பதன் மொத்த அளவான டி.டி.எஸ். என்றால் என்ன, ஈ.சி. என்றால் என்ன என்று ஒரு வகுப்பு கூட இல்லை. எக்செல் பயிற்சி மேலோட்டம். பாடம் முழுக்க ஆங்கிலம் என்பதால், பத்தாம் வகுப்பு வரை தமிழ் மீடியத்தில் படித்த எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் முதல் செமஸ்டரில் திணறுகிறார்கள். சேர்ந்து உட்கார்ந்து தமிழில் பேசிப் படித்தால் இரண்டாம் செமஸ்டருக்குள் பிடித்துவிடலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

வேலை விஷயம். சஸ்டெய்னபிலிட்டி மேனேஜர் என்ற பதவி பட்டம் வாங்கியதும் கிடைக்காது. ஆரம்பம் பெரும்பாலும் ஆவண வேலை: தணிக்கைக்கு வருபவருக்குக் கோப்பு தயார் செய்வது, கேள்வித்தாள் நிரப்புவது, எண்களைச் சேகரிப்பது. திருப்பூர், கோவை, பொள்ளாச்சி ஏற்றுமதிக் கம்பெனிகளில் வாய்ப்பு உண்டு. பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டில் இரும்பு சார்ந்த ஆலைகள் இருக்கின்றன. ஐரோப்பிய யூனியனின் எல்லைக் கார்பன் வரி விதியில் இரும்பு, சிமென்ட், அலுமினியம் எல்லாம் வருவதால் அந்தத் துறைகளில் கார்பன் கணக்கு தெரிந்த ஆளுக்குத் தேவை கூடும் என்பது என் கணிப்பு. சம்பளம் ஆரம்பத்தில் ஒரு அக்கவுண்டன்ட் வாங்குவதை ஒட்டித்தான் இருக்கும். அதனால் வீட்டில் கடன் வாங்கித்தான் படிக்க வேண்டும் என்றால், முதலில் அரசுக் கல்லூரியில் பி.காம். படித்துவிட்டு, இந்தப் பாடத்தை முதுநிலையில் எடுப்பதே நல்லது என்பேன். கணக்குப் பதிவியல் உறுதியாக இருப்பவருக்கு மீதி எல்லாம் சுலபமாக ஒட்டிக்கொள்ளும்.

சேர்வதற்கு முன் கல்லூரியில் இரண்டு விஷயம் கேளுங்கள். கடைசி செமஸ்டர் புராஜெக்டை உள்ளூர்த் தொழில் ஒன்றில் செய்ய விடுவார்களா? போன ஆண்டு மாணவர்கள் செய்த புராஜெக்ட் ஒன்றை எடுத்துக் காட்டுவார்களா? காட்டினால், அதில் மாணவர் தானே போய் அளந்த எண் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாமே இணையத்திலிருந்து எடுத்த எண்கள் என்றால் வேறு கல்லூரி பாருங்கள். ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்கள் இரண்டாம் ஆண்டு விடுமுறையிலேயே பக்கத்தில் ஒரு மில்லையோ பண்ணையையோ பிடித்து வையுங்கள். மூன்றாம் ஆண்டில் தேடினால் ஒருவரும் கேட்டைத் திறந்துவிட மாட்டார்கள்.