ஆர்ஜி-213, எல்எம்ஆர்-400, அரை இன்ச் செம்புக்குழாய்: உப்புக்காற்றில் எது நிற்கும்?

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) கிளப் டவரின் உச்சியில் இருந்த, இரண்டு மீட்டர் அலைவரிசைக்கான ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, கேபிளின் மேல்முனையைச் சும்மா தொங்கவிட்டோம். மேலே அனுப்பும் சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைச் சொல்லும் அளவு எஸ்டபிள்யூஆர்; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. கீழே மீட்டர் எஸ்டபிள்யூஆர் 1.5 என்று காட்டியது. ஆன்டெனாவே இல்லாமல் 1.5! முந்தைய நாள், ஆன்டெனா இருந்தபோது 1.1. இத்தனை வருடமாக "நம்ம ஆன்டெனா டியூனிங் பிரமாதம்" என்று நாங்கள் பீற்றிக்கொண்டதெல்லாம் கேபிளின் கைங்கரியம்.

முனை திறந்திருந்தால் மேலே போகும் சக்தி அப்படியே திரும்பிவர வேண்டும். மீட்டர் 1.5 என்றால் அது 14 டெசிபெல் தேய்ந்து திரும்புகிறது. போகும்போது 7, வரும்போது 7. ரேடியோவிலிருந்து 25 வாட் விட்டால் உச்சிக்குப் போய்ச் சேர்வது 5 வாட். மீதி 20 வாட்டில் கேபிள் குளிர்காய்ந்துகொண்டிருந்தது. அது 45 மீட்டர் ஆர்ஜி-213 ரகக் கேபிள். புதிதாக இருந்தால் 4 டெசிபெல்தான் தின்னும்.

சரி, மாற்றியாக வேண்டும். எதை வைத்து மாற்றுவது என்பதில்தான் கிளப் மூன்றாகப் பிரிந்தது.

அதற்கு முன் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தண்டையார்பேட்டையில் மூன்று மாடிக் கட்டடம், மொட்டைமாடியில் 18 மீட்டர் இரும்பு டவர். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் நடக்கிற தூரம். கிழக்கிலிருந்து உப்பு, வடக்கிலிருந்து மணலி, எண்ணூர்ப் புகை. ஜன்னல் கம்பிக்கு வருடம் தவறாமல் பெயின்ட் அடிக்கிற ஊர் இது. டவரில் மூன்று லைன்கள்: 145 மெகாஹெர்ட்ஸ் ரிப்பீட்டர் (மெல்லிய சிக்னலைக் கேட்டு வலுவாகத் திருப்பி அனுப்பும் கருவி), ரோட்டர் என்ற மோட்டாரில் சுற்றும் 435 மெகாஹெர்ட்ஸ் யாகி (ஒரு திசை நோக்கும் ஆன்டெனா), 7 மெகாஹெர்ட்ஸ் டைபோல் (கம்பி ஆன்டெனா).

இறக்கிய கேபிளை மொட்டைமாடியிலேயே கிழித்துப் பார்த்தோம். மேல்முனை பிஎல்-259 கனெக்டரிலிருந்து ஒன்றரை அடிக்குப் பச்சைக் களிம்பு. அதற்குக் கீழே செம்பு வலை கறுத்துப்போய், விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. பத்து மீட்டர் இறங்கிய பிறகு பழுப்பு. அடிப்பகுதியில் கிட்டத்தட்ட புதுச் செம்பு. தண்ணீர் கனெக்டர் வழியே நுழைந்து, விளக்குத் திரியில் எண்ணெய் ஊறுவதுபோல வலையைப் பிடித்துக்கொண்டு இறங்கியிருக்கிறது. டவர் ஏற வந்திருந்தவர் விசைப்படகுகளுக்கு ஒயரிங் செய்கிறவர். கேபிளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், மண்டைய தொறந்து வுட்டுட்டு கால்ல மருந்து தேடிக்கினு கீறீங்க?" என்றார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

இப்போது போட்டியாளர்கள்: பழையபடி ஆர்ஜி-213, எல்எம்ஆர்-400, அரை இன்ச் செம்புக்குழாய்க் கேபிள். எங்கள் 45 மீட்டருக்கு, 25 வாட்டில் உச்சிக்குப் போய்ச் சேர்வது ஏறக்குறைய இவ்வளவு:

145 மெகாஹெர்ட்ஸ்: ஆர்ஜி-213 10 வாட், எல்எம்ஆர்-400 15, அரை இன்ச் 19.
435 மெகாஹெர்ட்ஸ்: ஆர்ஜி-213 நாலரை வாட்; எல்எம்ஆர்-400 10; அரை இன்ச் 15.

7 மெகாஹெர்ட்ஸில் இந்த வித்தியாசத்தை எந்தக் காதும் கண்டுபிடிக்காது. 100 வாட் விட்டால் 83-க்கும் 94-க்கும் நடுவில் மூன்றும் அடங்கிவிடும். அரை டெசிபெல் சமாச்சாரம்.

இந்தப் பட்டியலைப் பார்த்ததும் எல்எம்ஆர்-400-க்குக் கை தூக்கியவர்கள்தான் அதிகம். ஆர்ஜி-213 போலவே 10.3 மில்லிமீட்டர் தடிமன், எடை அதைவிடக் குறைவு, இழப்பு பாதிக்குச் சற்றே மேல். எங்கள் மூத்த உறுப்பினர் டேட்டா ஷீட்டையே அச்செடுத்துக்கொண்டு வந்துவிட்டார். தாளில் அது ஜெயித்த கேபிள்தான். கோயம்புத்தூரிலோ திருச்சியிலோ, ஒரு சாதாரண ஸ்டேஷனுக்கு என்று கேட்டால் நானே அதைத்தான் சொல்வேன்.

ஆனால் உள்ளே என்ன இருக்கிறது? நடுக்கம்பி செம்பு பூசிய அலுமினியம். அதைச் சுற்றி நுரை பாலித்தீன், அதன்மேல் அலுமினியத் தாள், அதற்கும் மேல் வெள்ளீயம் பூசிய செம்பு வலை. அலுமினியமும் செம்பும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புத்தண்ணீர் ஒரு சொட்டு போனால் போதும், அது ஒரு குட்டி பேட்டரி. தாள் வெள்ளைப் பொடியாகிவிடும். ஆர்ஜி-213-ல் நனைந்த வலை மெதுவாகச் சாகும். இதில் தாள் முந்திக்கொண்டு சாகும்.

ரிப்பீட்டருக்கு இதைவிடப் பெரிய சிக்கல் உண்டு. ரிப்பீட்டர் ஒரே ஆன்டெனாவில், ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் வேண்டும். இரண்டுக்கும் இடைவெளி வெறும் 600 கிலோஹெர்ட்ஸ். 25 வாட் மேலே போய்க்கொண்டிருக்கும் அதே கம்பியில் மைக்ரோவோல்ட் கணக்கில் ஒரு மெல்லிய குரல் இறங்கி வர வேண்டும். அலுமினியத் தாளும் வலையும் காற்றில் உரசும்போது அந்தத் தொடுகை சரியான இணைப்பாகவும் இல்லாமல், அறுந்ததாகவும் இல்லாமல் நின்று, அனுப்பும் சக்தியிலிருந்தே இரைச்சலைப் பிறப்பிக்கும். அதுதான் ரிசீவரில் கரகரப்பாக விழும். ரிப்பீட்டர் பராமரிக்கிறவர்கள் இந்த வகைக் கேபிளைக் கண்டால் ஒதுங்குவதற்குக் காரணம் இதுதான். மீட்டரில் எல்லாம் சரியாகவே இருக்கும். ஆடிக் காற்றில்தான் அதன் குணம் தெரியும்.

ரோட்டர் பக்கமும் அதற்கு இடமில்லை. ஒற்றைக் கம்பி நடுவில் இருப்பதால், தினமும் முறுக்கி முறுக்கிச் சுற்றினால் ஒருநாள் உடையும். பல இழை கொண்ட வகை ஒன்று இருக்கிறது. வளையும், ஆனால் இழப்பு சுமார் இருபது சதவீதம் கூடும்.

ஆர்ஜி-213 பழைய அம்பாசிடர் கார் மாதிரி. ஏழு இழைச் செம்பு நடுவில், திடமான பாலித்தீன், வெளியே செம்பு வலை. மடக்கலாம், ஈயம் வைத்துப் பற்றவைக்கலாம், கனெக்டர் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். வாங்கும்போதுதான் கண் வேண்டும். அசல் 213-ன் ஜாக்கெட் உள்ளே இருக்கும் பாலித்தீனைக் கெடுக்காத ரகம். மலிவான ஆர்ஜி-8 சரக்கில் பிவிசியை மென்மையாக்கும் எண்ணெய் நாளடைவில் உள்ளே கசிந்து, மழையே படாமல் இழப்பைக் கூட்டிவிடும். நான் கடைக்குப் போகும்போது ஒரு காந்தமும் பேனாக்கத்தியும் எடுத்துப் போவேன். நடுக்கம்பி காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. கத்தியால் சுரண்டி வெள்ளை தெரிந்தால் அலுமினியம். வலையின் இடைவெளியில் பாலித்தீன் பளிச்சென்று தெரிந்தால், பேசாமல் அடுத்த கடைக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

மூன்றாவது, அரை இன்ச். ஹீலியாக்ஸ் என்று ஒரு பிராண்டின் பெயராலேயே எல்லோரும் அழைப்பார்கள். இதில் வலையே கிடையாது. வெளிக்கடத்தி நெளிநெளியான ஒரே செம்புக் குழாய். நுரை அதோடு ஒட்டியிருக்கும். திரி இல்லாததால் தண்ணீர் ஊறி இறங்கவும் வழியில்லை. உரசும் இரண்டு உலோகம் இல்லாததால் கரகரப்பும் இல்லை. என் மனசில் இது ஜெயித்தது இழப்புக் கணக்கால் அல்ல, இந்த ஒரு குணத்தால்.

குறைகளும் உண்டு. 12-13 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாகத் திரும்பத் திரும்ப வளைத்தால் நசுங்கும். 45 மீட்டர் பத்து கிலோ எடை. கனெக்டர் ஒன்றின் விலையைக் கேட்டதும் பொருளாளர் தண்ணீர் கேட்டார்.

கேபிளுக்குச் செலவைக் குறைக்க வழி இருக்கிறது. முன்பெல்லாம் செல்போன் டவரின் ரேடியோ கீழே இருக்கும். இந்த மாதிரிக் குழாய்கள்தான் ஆன்டெனாவரை ஏறும். இப்போது ரேடியோ பெட்டியே உச்சிக்குப் போய்விட்டது, ஃபைபர்தான் ஏறுகிறது. கழற்றிய பழைய கேபிள் காயலான் கடைக்கு வருகிறது. அங்கே அது செம்பு எடை, அவ்வளவுதான். லாரியில் ஏற்ற வசதியாக இரண்டு மீட்டர் துண்டுகளாக வெட்டிவிடுவார்கள். வெட்டுவதற்கு முன் போய் நிற்க வேண்டும். நாங்கள் இரண்டு முறை துண்டுகளைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சோடு திரும்பினோம். மூன்றாம் முறை முழுச்சுருள் கிடைத்தது. நசுங்கல் இருக்கிறதா என்று விரலால் நீளம் முழுக்கத் தடவிப் பாருங்கள். நெளிவுகள் நெருக்கமாக, கேபிள் சுலபமாக வளைந்தால் அது சூப்பர்ஃப்ளெக்ஸ் ரகம். இழப்பு சுமார் ஒன்றரை மடங்கு. 7/8 (எட்டில் ஏழு) இன்ச் குழாயும் வரும். எங்கள் டவருக்கு அது குருவி தலையில் பனங்காய்.

"பேசாம கேபிள் டிவிக்காரர்கிட்ட ஆர்ஜி-11 வாங்கிடலாமே" என்று ஒரு குரல். மற்றவை 50 ஓம், இது 75 ஓம் என்பது உண்மையில் பெரிய குற்றமில்லை, இழப்பும் மோசமில்லை. ஆனால் அதன் நடுக்கம்பி பெரும்பாலும் செம்பு பூசிய இரும்பு. காசிமேட்டுக் காற்றில் இரும்பா? கேட்பதற்கு மட்டும் வைத்திருக்கும் எஸ்டிஆர் (கணினி மென்பொருளால் இயங்கும் ரேடியோ) பெட்டிக்கு வேண்டுமானால் சரி.

கடைசியில் பிரித்தது இப்படி. ரிப்பீட்டருக்கு அரை இன்ச், பேச்சே இல்லை. யாகிக்கு டவர் உச்சிவரை அதே அரை இன்ச், ரோட்டரைத் தாண்ட மட்டும் இரண்டு மீட்டர் ஆர்ஜி-213. டைபோலுக்கு முழுக்க ஆர்ஜி-213. எல்எம்ஆர்-400-க்கு டவரில் வேலை இல்லை என்று சொன்னதில் மூத்தவருக்கு இன்னும் என்மேல் வருத்தம்தான்.

முனைகளுக்கு, படகுக்காரர் சொன்னபடி. டவரில் பிஎல்-259 வேண்டாம், அது தண்ணீர் தடுக்கிற ஜாதியே இல்லை. எல்லாம் ‘என்-டைப்’ (N) கனெக்டர். தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன்மேல் சாதா கறுப்பு டேப். கடைசிச் சுற்று கீழிருந்து மேலே போக வேண்டும், அப்போதுதான் மடிப்புகள் ஓட்டுக்கூரை மாதிரி தண்ணீரை வெளியே தள்ளும். கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் கேபிளை ஒரு தொங்கு வளையமாக விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

சித்திரையில் ரிப்பீட்டர் லைன் மட்டும் மேலே ஏறியது. ஆன்டெனாவை மாட்டிவிட்டு எல்லோரும் மீட்டரைச் சுற்றி நின்றோம். 1.6.

"புதுக் கேபிள் போட்டும் கூடிடுச்சே!" என்றார் பொருளாளர். கூடவில்லை, பழைய கேபிளின் இழப்பில் இவ்வளவு நாளும் மறைந்திருந்தது. ஆன்டெனாவின் டியூனிங் ஆதியிலிருந்தே கோணல். படகுக்காரர் அப்போதுதான் இறங்கி வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அவரிடம் யார் போய்ச் சொல்வது என்று நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.