வன்னிப் பட்டிக்கு யூரியா மொலாசஸ் கட்டி: பாலுக்கும் மெதேனுக்கும் என்ன செய்கிறது?

கிளிநொச்சியில் ஒரு தீவனக் கடையில் வாங்கிய, மாடுகள் நக்கித் தின்னும் யூரியா மொலாசஸ் கட்டியைக் கோடை முழுவதும் எங்கள் கறவை மாடுகளுக்கு வைத்துப் பார்த்த பின்னரே இதை எழுதுகிறேன். மாடுகள் வெளிவிடும் மெதேனைக் குறைக்கத் தீவனத்தில் சேர்க்கும் பொருள்களைப் பற்றி இப்போது பரவலாகப் பேசப்படுவதால், பாலின் அளவோடு அந்தக் கணக்கையும் சேர்த்தே இந்தக் கட்டியை மதிப்பிட வேண்டும் என்று கருதுகிறேன்.

மாட்டு இரைப்பையின் முதல் அறையில் நுண்ணுயிர்கள் நாரை நொதிக்கச் செய்யும்போது ஐதரசன் வெளிப்படுகிறது. அங்கேயே வாழும் வேறொரு நுண்ணுயிர்க் கூட்டம் அந்த ஐதரசனைக் காபனீரொட்சைட்டுடன் சேர்த்து மெதேன் ஆக்குகிறது. அதில் மிகப் பெரும் பகுதி ஏப்பமாக வாய்வழியே வெளியேறுகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ மெதேன் ஏறக்குறைய 27 கிலோ காபனீரொட்சைட்டின் அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். மாடு வளர்ப்பவரை நேரடியாகத் தொடும் கணக்கு வேறு: உண்ட தீனியின் சக்தியில் ஏறக்குறைய 6 சதவீதம் இந்த ஏப்பத்தோடு போய்விடுகிறது. தவிடும் தானியமும் கலந்த தீனியைவிட, வெறும் வைக்கோலிலும் முற்றிய புல்லிலும் இந்த இழப்புக் கூடுதல்.

வெளிநாடுகளில் அதிகம் பேசப்படும் போவேயர் என்ற தூள், மெதேன் உருவாகும் கடைசிப் படியில் வேலை செய்யும் நொதியத்தைத் தடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் கறவை மாடுகளுக்கு அதை அனுமதித்தது. சராசரியாக 30 சதவீதம் அளவுக்கு மெதேன் குறைகிறது. மருந்தின் தரத்தில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் அது இரைப்பையில் சில மணி நேரத்திலேயே சிதைந்துவிடுவதால், நாள் முழுவதும் தொட்டியில் நிற்கும் கலவைத் தீனியோடு கலந்து கொடுத்தால்தான் முழுப் பலன் கிடைக்கும். காலையில் அவிழ்த்துவிட்டுப் பொழுதுபடப் பட்டிக்குத் திரும்பும் மாட்டுக்கும், காலபோக விதைப்புத் தொடங்கியதும் வயலை விட்டுக் காட்டோரத்துக்குச் சாய்த்துச் செல்லப்படும் மந்தைக்கும் அதை எப்படிக் கொடுப்பது? 2021இல் வெளியான கலிபோர்னிய ஆய்வு ஒன்றில் 80 சதவீதத்துக்கும் மேல் மெதேனைக் குறைத்த சிவப்புக் கடற்பாசிக்கும் இதே தடை உண்டு. அதில் வேலை செய்யும் புரோமோபோம் என்ற இரசாயனம் பாலில் கலக்குமா என்ற கவலையும் சேர்ந்துகொள்கிறது.

யூரியா மொலாசஸ் கட்டி போவேயரைப் போல மெதேனை நேரடியாகத் தடுப்பதில்லை. கரும்புப் பாகு, தவிடு, உப்பு, கனிமங்கள், பத்து சதவீதம் அளவு யூரியா ஆகியவற்றைச் சுண்ணாம்பு அல்லது சீமெந்து சேர்த்து இறுக்கிய கட்டி இது. மாடு நக்க நக்க யூரியா சிறிது சிறிதாக அமோனியாவாக மாறி, நாரை உடைக்கும் நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. எங்கள் மாடுகள், முன்பு முகர்ந்து பார்த்து ஒதுக்கிய வைக்கோலைக் கட்டி வைத்த பின்னர் அடிவரை தின்றன. வழமையாக ஆடி, ஆவணியில் வற்றத் தொடங்கும் பால் இம்முறை பெரிதாக விழவில்லை. கூடுதலாகத் தின்னும் மாடு ஒரு நாளில் விடும் மெதேன் குறையாமலும் போகலாம், சற்றுக் கூடவும் செய்யலாம். ஆனால் ஒரு லீற்றர் பாலுக்கு எவ்வளவு மெதேன் என்று பார்த்தால் அது குறைகிறது. நாட்டு மாடுகள் பிந்திச் சினைப்பட்டு, நீண்ட இடைவெளி விட்டுக் கன்று ஈனும் வன்னியில், பால் தராமல் நிற்கும் காலமெல்லாம் மாடு மெதேனை விட்டுக்கொண்டேதான் இருக்கிறது. ஆகவே எங்களுக்குப் பொருத்தமான கணக்கு இந்த இரண்டாவது கணக்குத்தான்.

வாங்கிய கட்டியில் எனக்குப் பெரிய குறை உண்டு. பொதியில் யூரியாவின் அளவோ தயாரித்த திகதியோ அச்சிடப்படவில்லை; சில கட்டிகள் போதிய அளவு இறுகாமல், சாரல் பட்டவுடன் கரையத் தொடங்கின. இதைச் சின்னக் குறையாக எண்ணக் கூடாது. மென்மையான கட்டியை மாடு நக்காமல் கடித்துத் தின்றாலோ, கரைந்த நீரைக் குடித்தாலோ, யூரியா நஞ்சாகி நுரை தள்ளி, உடல் நடுங்கி, வயிறு உப்பி இறக்க நேரிடும். கால்நடை வைத்தியரை உடனே அழைக்க வேண்டும். அவர் வரும்வரை வினாகிரி பருக்குவது முதலுதவி.

கட்டியோடு வேலியில் நிற்கும் மரங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். இந்தியாவில் பெங்களூரிலுள்ள அரச கால்நடை ஊட்டச்சத்து நிறுவனம் உருவாக்கிய ஹரித் தாரா என்ற தீவனச் சேர்க்கை, தனின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைந்த தாவரப் பொருள்களாலேயே மெதேனை 17 முதல் 20 சதவீதம் வரை குறைக்கிறது என்கிறார்கள். நமது இப்பில் இப்பில் இலையிலும் தனின் உண்டு, புரதமும் உண்டு. ஆனால் அதிலுள்ள மிமோசின் என்ற நச்சுப் பொருள் தீங்கு செய்யும் என்பதால் தீனியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தேங்காய்ப் புண்ணாக்கில் மிஞ்சியிருக்கும் எண்ணெயும் மெதேன் ஆக்கும் நுண்ணுயிர்களை ஓரளவு அடக்குகிறது.

காலபோக அறுவடைக்குப் பிறகு மாடுகள் வயலில் தாள் மேயும்போதும், மாரியில் பச்சைப் புல் நிற்கும்போதும் கட்டிக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. வைகாசி முதல் புரட்டாதி வரை, கூரைக்குக் கீழே, தண்ணீரும் வைக்கோலும் தாராளமாக இருக்கும் இடத்தில், மாடு ஓரளவு வயிறு நிரம்பிய பின்னர் மட்டும் வையுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளை அதற்கு அருகில் விடாதீர்கள். வாங்கும்போது நகத்தால் கீறிப் பாருங்கள். நகம் இறங்கினால் அந்தக் கட்டியைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.